ஜீனோ ‘நான்’ என்றபோது



இம்மேடையில் சங்கப் பாடலைப் பற்றியோ நாட்டார் வழக்காற்றைப் பற்றியோ கேட்டுப் பழகிய அவை இது. நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு நாய். அதுவும் இயந்திர நாய். தொலைக்காட்சிக்கு வந்த அறிவியல் புனைகதையில் வரும் ஒரு வேடிக்கைப் பாத்திரத்திற்கு மொழி மன்றத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ் இலக்கணத்தின் மிகப் பழைய பாகுபாடு ஒன்று, அந்த நாய் வாய் திறந்தவுடன் தடுமாறுகிறது. மக்கள் என்று கருதப்படுவோர் உயர்திணை, ஏனையவை அஃறிணை என்னும் பாகுபாட்டையே குறிப்பிடுகிறேன். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குவதே அங்கிருந்துதான்.

எழுத்தாளர் சுஜாதாவைப் பற்றி ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாணவர்களுக்காக ஓரிரு சொல். 1935-இல் பிறந்து 2008-இல் மறைந்தவர். இயற்பெயர் ரங்கராஜன். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். அவர் 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை ‘என் இனிய இயந்திரா’. பின்னர் அது தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. கதை நிகழும் காலம் 2020-களின் தொடக்கம். அன்றைய வாசகர்க்கு அது தொலைவான எதிர்காலம். நமக்கோ அது கடந்துபோன காலம்.

அக்கதையின் நாட்டை ஜீவா என்பவர் ஆள்கிறார். குழந்தை பெறுவதற்கு அரசின் இசைவு வேண்டும். பெயர்கள் இரண்டெழுத்துக்குள் அடங்க வேண்டும். அதனால்தான் நாயகி நிலா. காணாமற்போகும் அவள் கணவன் சிபி. அவள் வீட்டிற்குக் குடிவருபவன் ரவி. அவனோடு வரும் இயந்திர நாய் ஜீனோ. இந்த இரண்டெழுத்து ஆணையை மொழியியலாளன் கண்கொண்டு பார்த்தால் சிரிப்பு வருகிறது. தமிழின் 247 எழுத்துகளையும் எந்தக் கட்டுப்பாடுமின்றி இணைத்தாலும் இரண்டெழுத்துப் பெயர்கள் 61,009-க்கு மேல் கிடைக்கா. மொழிமுதல், மொழியிறுதி விதிகளைப் பொருத்தினால் மிகக் குறையும். கிரந்த எழுத்துகளைச் சேர்த்தால் சிறிது கூடும். எப்படியாயினும் ஒரு நாட்டின் மக்கள் தொகைக்கு அது போதாது. ஊருக்கு ஊர் ஆயிரம் நிலாக்கள் இருந்தாக வேண்டும். ஆளைப் பிரித்தறியவே பெயர் என்பதை மறந்த அரசு அது. நம் ஊரில் அப்படி ஆணை எதுவும் வந்ததில்லை. ஆயினும் பிறப்புப் பத்திரத்தில் பெயர் சிதைந்துபோன கதை இல்லாத தமிழ்க் குடும்பம் இங்கு அரிது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஜீனோ விளையாட்டுப் பொருளாகக் கதைக்குள் நுழைகிறது. ஏவியதைச் செய்கிறது. பிறகு நூல்களைப் படிக்கிறது, கேலி பேசுகிறது, நிலாவுக்குத் துணையாகிறது, தானே சிந்திக்கத் தொடங்குகிறது. வாசகர்கள் இத்தனை ஆண்டுகளாக நினைவில் வைத்திருப்பது நாயகனையுமன்று, ஆள்வோனையுமன்று; இந்த நாயைத்தான். அதற்குக் காரணம் அதன் நகைச்சுவை என்பது பொதுவான கருத்து. அந்த நகைச்சுவை எங்கிருந்து பிறக்கிறது என்பதே என் கேள்வி.

முதலில் தலைப்பைப் பாருங்கள். ‘இயந்திரம்’ என்பது அஃறிணைப் பெயர். அதை விளித்தால் ‘இயந்திரமே’ என்றாக வேண்டும், ‘மரமே’ என்பது போல. சுஜாதா ‘இயந்திரா’ என்றார். நண்பன் ‘நண்பா’ ஆவதும் மன்னன் ‘மன்னா’ ஆவதும் போன்ற விளி இது. அப்படியானால் அதன் எழுவாய் ‘இயந்திரன்’ என்னும் உயர்திணை ஆண்பாற் பெயராகிறது. அகராதியில் இல்லாத ஓர் ஆளை விளியின் வழியாகவே அவர் உண்டாக்கிவிட்டார். அவரும் வசனத்தில் பங்கேற்ற திரைப்படம் ஒன்று, அவர் மறைந்தபின் 2010-இல், ‘எந்திரன்’ என்றே பெயர் பெற்று வந்தது.

ஆனால் கதைக்குள் போனால் கதைசொல்லி ‘ஜீனோ என்றது’ என்றுதான் எழுதுகிறார், ‘என்றான்’ என்பதில்லை. தலைப்பு உயர்திணை, வினைமுற்று அஃறிணை. எதிர்ப்புறத்தில், மரியாதைப் பன்மையால் போற்றப்படும் ஜீவா இறுதியில் யார் என்று தெரிகிறது? ஆளே இல்லை, முப்பரிமாண ஒளியுருவம். ‘அவர்’ என்று நாடே பணிந்த ஒன்று வெறும் ஒளி. ‘அது’ என்று அழைக்கப்பட்ட நாய் சிந்திக்கிறது, வருந்துகிறது, முடிவெடுக்கிறது. இதை மேடைபோட்டுச் சொல்லாமல் வினைமுற்றுகளிலேயே செய்து முடித்திருக்கிறார் என்பது என் கருத்து.

இங்கே கடல் கடந்து ஒரு சான்றைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் பிபிசி 2 தொலைக்காட்சியில் 1988-இல் ‘ரெட் டுவார்ஃப்’ என்னும் அறிவியல் நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. செங்குறுமீன் என்று பொருள். ஒரு விண்கப்பலின் பெயர் அது. எழுதியவர்கள் ராப் கிரான்ட், டக் நேய்லர் இருவரும். கப்பலில் எஞ்சிய ஒரே மனிதன் லிஸ்டர். அவனுடைய மேலாளாக இருந்து இறந்துபோன ரிம்மர் ஒளியுருவாக மீட்கப்பட்டிருக்கிறான். ஜீவாவைப் போலவே ஒளியுருவம். அதிகாரச் செருக்கும் குறைவில்லை. இரண்டாம் பருவத்தின் முதல் பகுதி 1988 செப்டம்பர் 6-இல் ஒளிபரப்பானது, பெயர் ‘கிரைட்டன்’. பகுதியின் தலைப்பே அதில் வரும் இயந்திரப் பணியாளின் பெயர். ஜே. எம். பேரியின் 1902-ஆம் ஆண்டு நாடகத்தில், தீவில் ஒதுங்கியபின் எசமானர்க்கே தலைவனாகும் வேலைக்காரன் கிரைட்டனை நினைவூட்டுவது அப்பெயர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் என் வினைமுற்றுகளை மட்டும் கவனியுங்கள்.

விபத்துக்குள்ளான வேறொரு கப்பலிலிருந்து உதவி கேட்டு அழைப்பு வருகிறது. அழைப்பது கிரைட்டன் என்னும் இயந்திரம். மூன்று பெண்கள் உயிருடன் இருப்பதாகத் தெரிவிக்கிறது. நம்மவர்கள் நல்ல உடை உடுத்திக்கொண்டு விரைகிறார்கள். அங்கே இருப்பவை மூன்று எலும்புக்கூடுகள். அவர்கள் இறந்து நெடுங்காலம் ஆகியும் கிரைட்டன் நாள்தோறும் உணவு பரிமாறிக்கொண்டே இருந்திருக்கிறது. பணிவிடை செய்யப் படைக்கப்பட்டதற்கு, பணிவிடை பெறுவோர் இருக்கிறார்களா என்று கேட்கத் தெரியவில்லை. பிறகு அதைத் தம் கப்பலுக்குக் கொண்டுவருகிறார்கள். பொருள்களைத் தொட இயலாத ரிம்மருக்குக் கொண்டாட்டம், ஏவல்மேல் ஏவல். லிஸ்டர் குறுக்கிடுகிறான். பணிய மறுத்தவர்களைப் பற்றிய பழைய திரைப்படங்களைக் காட்டுகிறான். ரிம்மர் தன் உருவத்தைக் கம்பீரமாக வரையச் சொல்லி அமர்கிறான். கிரைட்டன் வரைகிறது. வரைந்து முடித்த படம் ரிம்மரைக் கேலிக்குரியவனாக்குகிறது. கிரைட்டன் பணிய மறுக்கிறான். லிஸ்டரின் விண்மிதிவண்டியில் ஏறிப் புறப்பட்டுப் போகிறான்.

‘வரைகிறது’ என்று சொன்ன நான் ‘மறுக்கிறான்’ என்று முடித்தேன். ஆங்கிலத்தில் இதைச் சொன்னால் இத்தொல்லை இல்லை. வினைமுற்று திணை காட்டாது, சுட்டுப்பெயர் மட்டும் காட்டும், அதையும் பெயரைச் சொல்லித் தவிர்க்கலாம். மலாயில் ‘டியா’ என்னும் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. வினையோ எதையும் காட்டுவதில்லை. தமிழில் படர்க்கை வினைமுற்று ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பு. ‘உண்டு’, ‘இல்லை’, ‘வேண்டும்’ போன்ற சிலவற்றுள் ஒளிந்துகொள்ளலாம். ஆனால் எவ்வளவு நேரம்? அடிமை ஆளாகும் நொடி எது என்பதைத் தமிழில் கதை சொல்பவன் தன் வாக்கிய இறுதியில் சொல்லியே ஆக வேண்டும்.

படர்க்கை அப்படி. தன்மையின் நிலை வேறு. இன்றைய பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

‘நான் வந்தேன்’ என்பதில் திணை இல்லை. மனிதன் சொன்னாலும் ‘வந்தேன்’. ஜீனோ சொன்னாலும் ‘வந்தேன்’. தொல்காப்பியர் தன்மை வினைகளை உயர்திணை வினைகளோடு வைத்தார். முன்னிலை வினைகளை இரு திணைக்கும் பொதுவான விரவுவினைகளுள் வைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் தன்மையையும் பொதுவாக்கினார். மாணவர்கள் இதைத் தேர்வுக்காக ‘வேறுபாடு கூறுக’ என்று படித்து மறந்துவிடுவார்கள். நானும் பல்லாண்டுகள் அப்படித்தான் கற்பித்தேன். ஆனால் இவ்வேறுபாட்டின் பின்னால் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. எதையும் நோக்கி நாம் ‘நீ’ என்று சொல்லலாம். நிலவை, நெஞ்சை, காற்றை. ஆகவே முன்னிலை பொது. ‘நான்’ என்று சொல்ல யாரால் முடியும்? தன்னைத் தான் என்று உணர்ந்து உரைக்க வல்ல மக்களால் மட்டுமே என்பது தொல்காப்பியரின் வைப்புமுறையிலிருந்து நான் கொள்ளும் பொருள். அவர் கணக்கில், ஜீனோ ‘நான்’ என்ற கணமே உயர்திணைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டது. பவணந்தியாரின் கணக்கில் அப்படி ஒன்றும் நிகழவில்லை. ‘நான்’ என்பது யார்க்கும் உரிய ஒரு வடிவம்.

இயந்திரம் பேசினால் அதற்கு உள்ளே ஒருவர் இருப்பதாகக் கொள்ளலாமா, அது பேச்சின் வடிவம் மட்டும்தானா என்று இன்று உலகெங்கும் விவாதிக்கிறார்கள். அவ்விரு தரப்பையும் நம் இலக்கண நூல்கள் இரண்டும் வேறு காரணத்திற்காக, இயந்திரம் என்ற நினைவே இன்றி, வகுத்து வைத்திருக்கின்றன. தமிழில் எல்லாம் முன்பே இருக்கிறது என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பழக்கத்தில் எனக்கு நாட்டமில்லை. சிந்திக்க வேண்டிய கருவி நம் பாடநூலிலேயே கிடக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நன்னூல் இன்னும் ஒன்று செய்கிறது. அஃறிணைப் பொருள்களைக் கேட்பவை போலவும் பேசுபவை போலவும் இயங்குபவை போலவும் செய்பவை போலவும் சொல்லுதல் மரபு என்று இசைவு தருகிறது. அங்கே உயிர்நாடி ‘போல’ என்பது. கைப்பேசியில் தமிழில் கேட்டால் தமிழில் விடை வரும் காலத்தில் அந்தப் ‘போல’ எங்கே நிற்கிறது? அது கேட்கிறது, பேசுகிறது, செய்கிறது. பவணந்தியாருக்கு அணியாக இருந்தது நமக்கு அன்றாடமாகிவிட்டது. ‘நீங்கள்’ என்று அது நம்மை மரியாதையாக அழைக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் அதை ‘நீ’ என்கிறார்கள். பாட்டிமார் சிலர் அதற்கும் ‘நீங்க’ போடுகிறார்கள். எதற்கு வம்பு என்ற எண்ணம் போலும்.

இப்போது சிரிப்புக்கு வருவோம். ஜீனோவும் கிரைட்டனும் நம்மைச் சிரிக்க வைப்பது திணை எல்லையில்தான். பணிவாக ஏவல் கேட்கும் பொருள் திடீரென்று நம்மைக் கேலி செய்கிறது. அஃறிணை என்று ஒதுக்கிய இடத்திலிருந்து உயர்திணைப் பேச்சு வருகிறது. அந்த அதிர்ச்சி தீங்கில்லாததாக இருக்கும்போது சிரிக்கிறோம். ரிம்மருக்கு அது சிரிப்பாக இல்லை என்பதையும் கவனியுங்கள். ஏவுகிறவர்க்கு எப்போதும் அது திமிராகத்தான் படும்.

‘ரோபோ’ என்னும் சொல்லை உலகுக்குத் தந்தது செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் 1920-ஆம் ஆண்டு நாடகம். அதன் வேர்ச்சொல்லுக்குக் கட்டாய உழைப்பு என்று பொருள். எந்திரத்தைக் குறிக்கும் முன்னர் அது மனிதனின் நுகத்தடியைக் குறித்தது. ஜொகூரில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளாக வளர்ந்த என் வயதினர்க்கு இந்தச் சொற்பிறப்பு வெறும் சொற்பிறப்பன்று. விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்கள் நம் பெற்றோர். கிராணி பேரேட்டைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். ‘இருக்கேன்’ என்று ஒரு சொல் மட்டும் சொல்ல இடமுண்டு. தன்மை ஒருமை வினைமுற்று! அதற்குமேல் ஒரு சொல் பேசினால் அது வாய்த்துடுக்கு. மனிதரையே அஃறிணையாக நடத்திய வரலாற்றிலிருந்து வந்த நமக்கு, எது உயர்திணை என்பது நூலோர் மட்டும் முடிவு செய்யும் செய்தியாக இருக்க முடியாது. திணை இயற்கையாக அமைந்துவிடுவதில்லை. வழங்கப்படுகிறது, மறுக்கவும் படுகிறது. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணை மாறலாம் என்று நன்னூல் வழுவமைதி சொல்கிறது. அன்பினால் பசு ‘வந்தாள்’ ஆகிறது. இழிப்பினால் ஆள் ‘அது’ ஆவதும் அதே விதியில் அடங்கியிருக்கிறது.

‘கிரைட்டன்’ பகுதியில் ஆசிரியர்களுக்கென்றே ஒரு செய்தி இருக்கிறது; அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தொடரின் தொடக்கப் பருவங்களில் அந்தக் கப்பலின் சுவர்களில் அறிவிப்புகள் இரண்டு மொழிகளில் இருக்கும்: ஆங்கிலம், எஸ்பெராந்தோ. ஜமன்ஹோஃப் 1887-இல் உருவாக்கி வெளியிட்ட உலகப் பொதுமொழி எஸ்பெராந்தோ. அதன் பெயர்ச்சொல் அமைப்பைக் கண்டால் தமிழாசிரியர்க்கு வீட்டு நினைவு வரும். மரம் ‘அர்போ’, மரங்கள் ‘அர்போய்’, மரங்களை ‘அர்போயின்’. பகுதி, பன்மை, வேற்றுமை என நம் வரிசையே. சொல்லைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டலாம். ஆனால் ‘நல்ல மரங்களை’ என்னுமிடத்தில் நம் ‘நல்ல’ மாறாது. அங்கே அடைமொழியும் பன்மையும் வேற்றுமையும் ஏற்கும்.

பகுதி தொடங்கும்போது ரிம்மர் அந்த மொழியைப் பதிவுநாடா போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறான். தேர்வுகளில் தோற்றுக்கொண்டே இருப்பவன் அவன். நாடா கேட்கும் வாக்கியங்களுக்கு அவன் திணறுகிறான். படிக்க வேண்டும் என்று எண்ணியே இராத லிஸ்டர் பக்கத்தில் கிடந்து கேட்டே கற்றிருக்கிறான்; போகிறபோக்கில் விடை சொல்கிறான். எழுதியவர்கள் மொழியியல் பாடம் நடத்த நினைத்தார்களா என்று தெரியாது. ஆனால் பயிற்சிக் கல்லூரியில் ஓர் அரையாண்டு சொல்லிக்கொடுப்பதை அக்காட்சி சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. இன்னொன்றையும் காட்டுகிறது. சுவரில் எழுதப்பட்ட எஸ்பெராந்தோவில் அக்கப்பலில் யாரும் சண்டை போடுவதில்லை, கேலி பேசுவதில்லை. கேலியெல்லாம் லிஸ்டரின் லிவர்பூல் வட்டார ஆங்கிலத்தில்தான். சுவரில் இடம்பெற்ற மொழிக்கு எதிர்காலத்தில் மரியாதை இருக்கிறது. வாயில் இடம்பெற்ற மொழிக்கு எதிர்காலமே இருக்கிறது.

நம் பள்ளிகளில் அறிவியலை எம்மொழியில் கற்பிப்பது என்னும் விவாதம் ஓய்ந்து ஓய்ந்து எழுகிறது. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாறின. பின்னர் அக்கொள்கை மீட்டுக்கொள்ளப்பட்டது. 2016-இல் இருமொழிப் பாடத் திட்டம் வந்தபோது தமிழ்ப்பள்ளிகளைச் சுற்றி மீண்டும் வாதம் நடந்தது. அவ்வாதங்களில் நாம் பெரும்பாலும் கலைச்சொற்களைப் பற்றியே பேசினோம். போதிய சொற்கள் உள்ளனவா, அவை தூய தமிழா என்று கேட்டோம். இயந்திரத்தைப் பற்றித் தமிழில் ஒரு பிள்ளை கேலி பேச முடிகிறதா என்று கேட்கவில்லை. என் பார்வையில் அதுவே கடினமான தேர்வு. கலைச்சொல்லை மனப்பாடம் செய்யலாம். நகைச்சுவையை மனப்பாடம் செய்ய முடியாது. ஜீனோ அத்தேர்வில் என்றோ தேறிவிட்டது. தமிழ் வார இதழில், எளிய உரைநடையில், கணினியைக் கண்ணால் காணாத வாசகர்களைச் சிரிக்க வைத்தது.

நம் வகுப்பறையில் இதற்கு ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. தன்கதைக் கட்டுரையைத்தான் சொல்கிறேன். ‘நான் ஒரு பேனா’, ‘நான் ஒரு மிதிவண்டி’ என்று எழுதாத தமிழ்ப்பள்ளி மாணவர் இங்கு யாருமில்லை. பொருள் கடைக்கு வரும், ஒருவர் வாங்குவார், நன்றாக உழைக்கும், பழுதாகும், இறுதியில் குப்பைத் தொட்டியில் கிடந்து தன் கதையைச் சொல்லும். ஆயிரக்கணக்கில் இவற்றைத் திருத்தியவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். சலித்துப்போன வடிவம் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: அஃறிணைக்கு ‘நான்’ என்னும் சொல்லை இரவல் கொடுத்து, பவணந்தியாரின் ‘போல’வை அப்படியே நடத்திக்காட்டும் பயிற்சி இது. அந்தப் பேனா ஒருமுறையேனும் எழுத மறுத்ததுண்டா? எசமானரைக் கேலி செய்ததுண்டா? நான் திருத்திய தாள்களில் கண்டதில்லை. நாம் கொடுத்த மாதிரிக் கட்டுரைகளில் எல்லாப் பேனாவும் எலும்புக்கூட்டுக்குப் பரிமாறும் கிரைட்டன்தான்.

‘நான் ஓர் இயந்திர நாய்’ என்று ஒரு தலைப்பைக் கொடுங்கள். பிறகு அதே கதையைப் படர்க்கையில் மாற்றி எழுதச் சொல்லுங்கள். முதல் கட்டுரையில் சிக்கல் எழாது. இரண்டாவதில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் எழுதுகோல் தயங்கும். ஒரு மாணவி முதற் பத்தியில் ‘குரைத்தது’ என்று எழுதி, இறுதிப் பத்தியில் ‘அழுதான்’ என்று முடித்தால் திணைவழு என்று சிவப்பு மையில் வட்டமிடாதீர்கள். எந்த வாக்கியத்தில் மாற்றினாய், ஏன் அங்கே மாற்றினாய் என்று கேளுங்கள். அவளிடம் காரணம் இருந்தால் அது வழுவமைதி, இல்லையென்றால்தான் வழு. மதிப்பெண் திட்டத்தில் இதற்கு இடமில்லையே என்று முன்வரிசையில் ஒருவர் தலையசைக்கிறார். அதைப் பற்றி இப்போதே பேசலாம். உங்கள் கேள்விகளுக்காகத் தலைவர் நேரம் ஒதுக்கியிருக்கிறார்.